டாக்டர் புனிதாவின் இரண்டு புள்ளி எட்டு

18.2.2025, செவ்வாய்

காலையில் இரத்தத்தில் சீனி 9.4. ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன்.

மருமகள் தினேஸ்வரி கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “பாருங்க அத்தை, உங்க டாக்டருக்கு ரெண்டு புள்ளி எட்டு ஸ்டாருதான். புது கிளினிக்குக்கு நாலு புள்ளி ஒன்பது. அங்கேயே போலாம்லா.”

டாக்டர் புனிதாவிடம் எத்தனை வருடமாகப் போகிறேன். அவருக்கு மார்க் போட்டது யார்? எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்? கேட்டால் இவளுக்குத் தெரியவில்லை. தெரியாதவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

20.2.2025

புது கிளினிக்குக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். காரணம் இந்த டைரிக்கு மட்டும். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயில் வரை வெறுங்காலோடு பால்குடம் எடுத்தேன். சீனி உள்ளவள் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்று டாக்டர் புனிதா முன்பே சொல்லியிருந்தார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டா வேண்டுதல் வைப்பார்கள்? இப்போது இடது சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் உடைந்து புண். வலி இல்லை. அவரிடம் காட்டினால் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி திட்டுவார்.

22.2.2025, சனி

புது கிளினிக். ஏர்கோன் குளிர், மீன்தொட்டி. உட்காருவதற்குள் கவுண்டர் பெண், “அஞ்சு ஸ்டார் அமுக்கிடுங்க ஆன்ட்டி, குடை ஃப்ரீ” என்றாள்.

“டாக்டர் மூஞ்சியையே இன்னும் பார்க்கலையேம்மா?”

சிரித்தாள். தினேஸ்வரி அமுக்கிவிட்டாள். நீலக் குடை.

டாக்டர் தம்பிக்கு மரியாதை நன்றாக இருக்கிறது. புண் என்று சொன்னேன்; காலுறையைக் கழற்றத்தான் சொல்லவில்லை. “சின்னப் புண்ணுதானே ஆன்ட்டி” என்று களிம்பு கொடுத்தார். டாக்டர் புனிதா என்றால் முதல் வேலையாகக் காலை முக்காலியில் வைக்கச் சொல்வார்.

நாலு புள்ளி ஒன்பது இப்படித்தான் வருகிறதா – குடை கொடுத்து?

25.2.2025

தினேஸ்வரியை உட்காரவைத்துக் கேட்டேன். “எல்லாரும் போட்டதக் கூட்டி, ஆள் கணக்கால வகுக்கிறதுதான் அத்தை.”

அட, சராசரி. அஞ்சாம் வகுப்பில் நானே போட்ட கணக்கு. அப்படியென்றால் போட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? டாக்டர் புனிதாவுக்கு அறுபது பேர். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். ‘எம்சி கேட்டேன், தரல.’ ‘காய்ச்சல் இல்லன்னு எம்சி தரல.’ ஒற்றை நட்சத்திரம் முக்கால்வாசியும் வேலைக்கு மட்டம் போட இந்த எம்சி என்கிற லீவுச் சீட்டுக் கேட்டுக் கிடைக்காதவர்கள். சீனி, பிரஷர் என்று மாதாமாதம் வரிசையில் உட்காரும் எங்களில் ஒருவர்கூட இல்லை. எங்களுக்கு அமுக்கத் தெரியாது. தெரிந்தாலும் தோன்றியிருக்காது.

ஒன்றை மட்டும் படிக்காமல் விரலால் தள்ளினாள்.

“திருப்பு.”

“ஒண்ணுமில்ல அத்தை…”

பெயர் இல்லை, மோட்டார் சைக்கிள் படம் மட்டும். பின்னால் எங்கள் வீட்டு கேட்! என் மகன் யுகேந்திரன். ஒற்றை நட்சத்திரம், ‘ரொம்ப மோசமான கிளினிக்.’ தீபாவளிக்கு மறுநாள் ஜெலாப்பாங் ஃபேக்டரிக்குப் போகாமல், தலை சுற்றுகிறது என்று எம்சிக்காக டாக்டரிடம் போனவன்.

“நான் காட்டுனதா சொல்லிறாதீங்க” என்றாள். டாக்டர் வாயால் எனக்குத் தெரிந்துவிடும் என்றா என்னை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்தாள்?

புண் இன்னும் வலிக்கவில்லை. ஆனால் காலுறை நனைந்திருக்கிறது. வாடையும் அடிக்கிறது.

26.2.2025, புதன்

டாக்டர் புனிதாவிடம் போனேன். முக்காலியில் கால். பால்குடத்தைச் சொன்னேன். திட்டவில்லை. அதில்தான் பயந்துபோனேன்.

“வலிக்கலன்னா நல்லதுன்னு நெனச்சீங்களாம்மா? நரம்பு செத்துப்போச்சு, அதான் தெரியல. இன்னைக்கே பெரியாஸ்பத்திரி. நாளைக்குன்னு சொல்லாதீங்க.” விரல் போகலாம், இன்னும் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார். அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

யுகேந்திரன் வேலையிலிருந்து ஓடி வந்தான். அவனை ஒரு பார்வை பார்த்து, “தலைசுத்து நின்னுருச்சா தம்பி?” என்றார். இவன் தரையைப் பார்த்துக்கொண்டே என்னைக் காரில் ஏற்றினான்.

12.3.2025

வீடு வந்தாயிற்று. சுண்டுவிரல் இல்லை. கால் இருக்கிறது.

தினேஸ்வரி என் பெயரில் கணக்குத் திறந்து கொடுத்தாள். என் விரலாலேயே ஐந்து அமுக்கினேன். இரண்டு புள்ளி எட்டு அசையவில்லை. இவள் ஏதும் தப்பாகச் செய்துவிட்டாளோ என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டி வகுத்துப் பார்த்தேன். சரிதான். அறுபது பேருக்கு நடுவே ஒருத்தி.

யுகேந்திரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கையில் கைப்பேசி.

14.3.2025, வெள்ளி

சீனி 7.1. மாலையில் மழை. நீலக் குடையில் கம்பி ஒன்று கழன்றுவிட்டது.

டாக்டர் புனிதா: இரண்டு புள்ளி ஒன்பது. மோட்டார் சைக்கிள் படத்தைத் தேடினேன், காணோம்.