இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

1998 ஐப்பசி, செவ்வாய் இரவு. ஹட்டன்.

தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரை விற்றுச் சென்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை மகன் குமரன் அண்மையில் வாங்கினான். இன்று மாலை என்னை ஏற்றிக்கொண்டு வட்டகொடை இறக்கத்தில் வருகையில், முன்பு வேனில் செய்து பழகியதுபோலவே, பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்தான். சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. வளைவு வந்தும் கார் திரும்பவில்லை. சிவநாமம் சொல்லவும் என் நா எழவில்லை. பள்ளத்தின் விளிம்பில் தேயிலைச் செடிகள் தடுத்ததால் பிழைத்தோம்.

குமரன் சிரித்தான். "தேயிலை நம்மள விட்டுருமாப்பா? புடிச்சிருச்சு பாருங்க!"

"இனிமே எறக்கத்துல அணைக்காதப்பா."

"சாவிய பாதி திருப்புனா பூட்டாது. நாளைக்குப் பாத்து செய்றேன்."

நாளை நிறைமாதக் கர்ப்பிணியான மருமகளை அந்தக் காரில்தான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறான். பஸ்ஸில் போகலாமே என்றதற்கு, "பஸ்ஸு குலுக்குற குலுக்குல வழியிலயே பொறந்துரும்" என்றான்.

சாப்பிட்டபின் சாவியைத் தேடினான். "பாத்தீங்களாப்பா?"

இல்லை என்றேன். அது என் வேட்டி மடிப்பில் இருந்தது.

நாள்தோறும் பதிகம் ஓதும் வாய் இது. இன்று முதலடிக்கு மேல் ஓத இயலவில்லை. அடுத்த அறையில் பெட்டிகளை நகர்த்தும் ஒலி கேட்கிறது. இன்னும் தேடுகிறான்.