முள் பச்சையில்தான் இருந்தது

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் இங்கே ஒரு ஜீப் தீப்பிடித்தது. பயப்படாதீர்கள், நான் பட்டறையில்தான் இருந்தேன். ஓட்டியவர் என் பக்கத்துக் கட்டில் டிரைவர் அண்ணன்.

அதில் தீயணைப்பு சிலிண்டரை மாட்டியது நான்தான். மேடுபள்ளத்தில் வண்டி அதிர அதிர, உள்ளேயுள்ள பவுடர் அடியில் இறுகிவிடும். மாதாமாதம் கழற்றித் தலைகீழாகக் குலுக்க வேண்டும். நான் கழற்றச் சோம்பல்பட்டு, அழுத்தம் காட்டும் மீட்டர் முள் பச்சையில் நிற்பதைப் பார்த்ததோடு சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி, உன் சிலிண்டர் வெறும் காத்தைத்தான்டா ஊதுச்சு" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. நேற்று எங்கள் அறையிலிருந்து அவர் கட்டிலை மடக்கி எடுத்துப் போனார்கள்.

"முள்ளு பச்சையிலதானே இருந்துச்சு, நீ என்ன பண்ணுவே?" என்கிறார் மேஸ்திரி. அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அம்மா, இருமல் மருந்தைக் குலுக்கிவிட்டுத்தானே குடிக்கிறீர்கள்? அடியில் தங்கிவிடும், வெளியே தெரியாது. குலுக்கினேன் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பட்டறைச் சங்கு ஊதிவிட்டது. கையெழுத்துப் போடக் கை கூசுகிறது.

உங்கள் மகன்தான்.