மெத்தைக் கடைக்காரியின் முதுகு

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

எனக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பே, நம் கடைக் கணக்கர் சொன்னதைக் கேட்டு, நான் கூப்பிடாமலே வந்து, எழுந்து நடக்கும்வரை கூட இருந்தீர்கள். நான் நன்றி சொல்வதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். போனில் என்றால் நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்லுவேன். அதனால்தான் கடிதம்.

முதுகில் ஊசி போட்டபோதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது நரம்பு வீக்கத்தைத்தான் தணிக்கும் என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. வலி அடங்கியதும் மறுபடி மெத்தை தூக்கினேன். செருப்பு கழன்றது தெரியாமல் மரத்த காலோடு கடைவரை நடந்த அன்றுதான் பயம் வந்தது. முதுகுவலிக்கென்றே மெத்தை விற்கிறவள் இதை எந்த வாயால் வெளியே சொல்வது?

எலும்பில் திருகாணி வைக்கணும் என்றார்கள். நான் தலையாட்டிவிட்டேன். "ஒரு லிப்டு நட்டையே மூணு தடவை பார்க்கிறேன், முதுகெலும்புக்கு ரெண்டு டாக்டரைப் பார்க்கக் கூடாதா?" என்று இழுத்துப் போனீர்கள். நரம்பை அழுத்தும் ஜவ்வுத் துண்டை மட்டும் எடுத்தால் போதும் என்றார் அந்த இரண்டாவது டாக்டர். சின்ன வெட்டு. மறுநாளே நடந்தேன். உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

நீங்கள் கடையில் வியாபாரம் பார்த்த லட்சணமும் தெரியும். "கால் மரத்துப்போகுதுன்னா மெத்தை வாங்காதீங்க, டாக்டரைப் பாருங்க"ன்னு வந்த ஆளைத் துரத்தினீர்களாமே! புண்ணியவான், நல்லா இருங்க.

வீடெல்லாம் மெத்தை, படுக்க இடமில்லை என்றுதானே அப்போது என்னை விட்டுப் போனீர்கள்? உள்ளறைச் சரக்கையெல்லாம் குடோனுக்கு அனுப்பிவிட்டேன். வந்துவிடுங்கள். கடையில் பாதி உங்களுக்கு.

இப்படிக்கு,
குனியக் கூடாதவள்


ஜூன் 11

முதலாளியம்மாவுக்கு,

பாதிக் கடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சாப்பிடும்போது எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்றுதான் பிரிந்துபோன அன்றும் கேட்டேன். நீ கடையை மூடி வருவதற்குள் சோறு ஆறிவிடும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் "மெல்ல, விழுந்துடுவேன்" என்று என் தோளைப் பிடித்தாய். கல்யாணமாகி முதல் தடவையாக நான் உனக்குத் தேவைப்பட்டேன். குணமானதும் அது போய்விடும் என்று பயந்துதான் பஸ் ஏறினேன்.

வந்தாலும் லிப்டு ரிப்பேர் வேலையை விடமாட்டேன். அங்கேயே மாற்றல் கேட்கலாம். கேட்கவா?

இப்படிக்கு,
நட்டு பார்க்கிறவன்


ஜூன் 19

அன்புள்ளவருக்கு,

பாதிக் கடையை வேண்டாம் என்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். உங்களோடு எப்படிப் பேரம் பேசுவது?

நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே துணை வேண்டாம், தனியாவே நடக்கலாம்" என்றார். யாரையும் பிடிக்காமல் தெருக்கோடிவரை நடந்து திரும்பிவந்து இதை எழுதுகிறேன். பிடிமானத்துக்குக் கூப்பிட்டேன் என்று இனி நீங்கள் சொல்ல முடியாது. மாற்றல் கேளுங்கள்.

பேசி முடித்தது இதுதான்: லிப்டு வேலை உங்களுடையது, கடை என்னுடையது. எட்டு மணிக்கு ஷட்டர் இறங்கும். கடைசி நேரத்தில் பத்து மெத்தை கேட்டு ஆள் வந்தாலும் இறங்கும். சாப்பாடு சேர்ந்துதான். கனமானதை நான் தூக்குவதில்லை. மனசில் இருப்பதைச் சொல்லாமல் நீங்கள் பஸ் ஏறுவதில்லை. இந்த ஒப்பந்தத்துக்குக் கெடு எதுவும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி