நாலு வகை இணைப்பும் இரண்டு காலும்

ஜூன் 2, ஞாயிறு

மேசை வாங்கக் கடைக்குப் போனோம். ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். மூலைக்கு ஓர் இரும்புப் பட்டை வைத்துக் காலைத் திருகியிருக்கிறார்கள். "இதுக்குப் பேர் மேசையா?" என்றேன். விற்பனைக்காரர் முகம் சுருங்கியது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கிறது?

மனைவிக்குப் பதினேழாம் தேதி புது வேலை தொடங்குகிறது. வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணக்குப் பாடம். அதற்குத்தான் மேசை. "நானே செஞ்சு தரேன், ரெண்டு நாள் வேலை" என்று சொல்லிவிட்டேன். அவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பதினேழு" என்றாள்.

ஜூன் 4

மரம் வாங்கியாயிற்று. நாலு கால், அவற்றைச் சுற்றி இணைக்க நாலு சட்டம், மேலே போட ஒரு பலகை. "கூட ரெண்டு துண்டு வச்சுக்குங்க தம்பி, கை தப்பும்" என்றார் மரக்கடைக்காரர். அளந்து வெட்டுகிறவனுக்குக் கை ஏன் தப்ப வேண்டும்? வேண்டாம் என்றேன்.

ஜூன் 5

காலையும் சட்டத்தையும் எப்படி இணைப்பது? திருகாணி போட்டு முடிக்கலாம். இரண்டிலும் துளையிட்டு நடுவே மரக்குச்சி வைத்துப் பசை போடலாம். பாதிப் பாதி வெட்டி ஒன்றின்மேல் ஒன்றைப் படிய வைக்கலாம். அல்லது காலில் குழி தோண்டி, சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கிச் செருகலாம்.

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வேதம். திருகாணியே போதும் என்கிறார் ஒருவர். திருகாணி போடுகிறவன் மனிதனே இல்லை என்கிறார் இன்னொருவர். எத்தனை கிலோவில் உடையும் என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே! எல்லாம் வாய்ச்சவடால்.

நான் வேலை பார்ப்பது சோதனைக்கூடத்தில். பொருள்களை உடைத்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். இதற்குப்போய் ஊரைக் கேட்பானேன்?

ஜூன் 7

ஒரு காலில் பாதியையும் ஒரு சட்டத்தையும் துண்டு போட்டு, நாலு வகைக்கும் ஒவ்வொரு மாதிரி செய்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரத்தில் ஏற்றி உடைத்தோம். குழி-நாக்கு 146 கிலோ தாங்கியது. ஆஹா!

இயந்திரம் ஓட்டும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டா, கல்யாணமாகி ஏழு மாசம்தான் ஆகுது. வீட்ல மேசை கேட்டா, இங்க வந்து அதை உடைச்சிட்டிருக்கியே!"

"மேசை இல்லண்ணே, மாதிரி."

"போ, வீட்ல போய் இதையே சொல்லு."

ஜூன் 8

ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு சொன்னால் எங்கள் மேலாளர் காறித் துப்புவார். வகைக்கு மூன்று மாதிரியாவது வேண்டும். இன்னும் எட்டு.

"மேசை வருதா, இல்ல மேசையோட ரிப்போர்ட் வருதா?" என்கிறாள் மனைவி. இரண்டும் வரும் என்றேன்.

ஜூன் 11

பன்னிரண்டும் உடைந்தன. அருமையான தரவு.

ஜூன் 12

சந்தேகமே இல்லை, குழி-நாக்குதான். வேலையைத் தொடங்கலாமென்று மிச்ச மரத்தை எடுத்துப் பரப்பினேன். பலகை ஒன்று. சட்டம் ஒன்று. கால் —

இரண்டு.

மறுபடி எண்ணினேன். இரண்டை எத்தனை தடவை எண்ணினாலும் இரண்டுதான். ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள். நான் காலையே வெட்டியிருக்கிறேன்.

மரக்கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. 19ஆம் தேதி திறக்கப்படும் என்று ஒரு காகிதம். இன்னொரு கடையில் இருப்பது ஈரமரம், ஒரே வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். வெட்கத்தை விட்டு மேசைக் கடைக்கே போன் போட்டேன். கொண்டுவந்து போடப் பத்து நாளாகுமாம்.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 13

சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அவளே எண்ணிவிட்டாள். இஸ்திரிப் பலகையை விரித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துப் பாடத்தை ஒத்திகை பார்த்தாள். பின்னக் கணக்குப் பாடத்தில் பாதி போவதற்குள் பலகை மடங்கியது. நான் பாய்ந்து லேப்டாப்பைப் பிடித்தேன். நல்ல பிடி. பாராட்டுவாள் என்று வேறு எதிர்பார்த்தேன். அதோடு விட்டேனா? எந்த இணைப்பு எவ்வளவு தாங்கியது என்கிற வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அதுவும் அந்த நேரத்தில்!

"இந்த மேசை மேல நான் என்னென்ன வைப்பேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"லேப்டாப், நோட்டு, தண்ணி பாட்டில். நாலு கிலோ வருமா? யானையையா கட்டப் போறேன்?"

இருப்பதிலேயே மட்டமான திருகாணி 52 கிலோ தாங்கியது. வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வியே எவ்வளவு எடை என்பதுதான். வீட்டில் மட்டும் ஏன் கேட்கத் தோன்றவில்லை?

"உங்க வேலைக்காக என் வேலையை விட்டுட்டு வந்தேன். ஏழு மாசம் கழிச்சு எனக்குன்னு ஒண்ணு கெடைச்சிருக்கு. அது உங்களுக்கு விளையாட்டாப் போச்சு."

அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

விளையாட்டா? பன்னிரண்டு மாதிரி செஞ்சேனே, யாருக்காக? உனக்காகத்தானே — இல்ல. எனக்காகத்தான். நல்லாவே தெரியும்.

ஜூன் 14

சாப்பாடு மட்டும் வந்தது.

ஜூன் 15

பல் துலக்கும்போது தோன்றியது. பின்பக்கம் கால் எதற்கு? சுவர் இருக்கிறதே! மிச்சமிருக்கும் சட்டத்தைச் சுவரில் பதித்துப் பலகையின் பின்விளிம்பை அதன்மேல் உட்கார வைத்தால், முன்னால் இரண்டு கால் போதும்.

ஒரு சிக்கல். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் சட்டம். செங்கலின் வலிமை பற்றி அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு பக்கம் எழுதி வைத்தேன். மனைவி அதை வாங்கி மடித்து வைத்துவிட்டுக் கீழே போனாள். ஐந்தே நிமிடத்தில் திரும்பிவிட்டாள்.

"அடிச்சுக்கச் சொல்லிட்டாங்க."

"அப்படி என்ன சொன்னே?"

"எனக்கு வேலை கெடைச்சிருக்குன்னு சொன்னேன்."

ஜூன் 16, ஞாயிறு

காலையில் சட்டத்தைச் சுவரில் பதித்தேன். முன்கால்களுக்குக் குழி-நாக்கு என்றால் வெட்ட ஒரு நாள், பசை காய ஓர் இரவு.

"எது சீக்கிரம் முடியும்?" என்றாள்.

சொல்லவே கூசியது. இரும்புப் பட்டையும் திருகாணியும்.

"அப்ப அதையே போடுங்க."

அவள் பட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன். மொத்தம் நாற்பது நிமிடம்.

"ஏறி உட்கார்ந்து பார்க்கட்டுமா?"

"உட்கார்ந்தீங்கன்னா கொன்னுடுவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூன் 17

அரை நாள் விடுப்பு. வகுப்பு முடிகிறவரை கூடத்துப் பக்கம் வரக் கூடாதென்று உத்தரவு. சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூடத்திலிருந்து, "யாரது கடைசில? வாயில என்ன? முழுங்கிட்டு பதில் சொல்லு" என்று ஒரு குரல். இந்த ஏழு மாதத்தில் நான் கேட்டறியாத குரல்.

முடித்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"மேசை ஆடவே இல்ல. எனக்குத்தான் முதல் பத்து நிமிஷம் கை ஆடிட்டே இருந்துச்சு."

எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். எழுந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, "அடுத்த கிளாஸ் நாலு மணிக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போனாள்.