ஆறாம் வகுப்பின் மேல்மாடி

அக்கா,

நேற்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏலக்காய் மாலை போட்டார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்த விழா. வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் போட்டு மிச்சமிருந்த ஒன்றை, மூத்த ஆசிரியை என்று என் கழுத்திலும் போட்டுவிட்டார்கள். ஏலக்காய் வியாபாரத்தில் பிழைக்கும் போடியில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எனக்கோ அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மாலையைத் தூர எறிய வேண்டும்போல் இருந்தது. மேடையிலேயே கழற்றினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று இடிபாட்டுக்குள்ளிருந்து உங்களை வெளியே எடுத்தபோது உங்கள் முடியில், சேலையில், எல்லாவற்றிலும் இந்த வாசனைதான் இருந்தது.

அந்தக் கட்டடத்தை உங்களைப்போல நேசித்தவர் யாருமில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஜீப்பில் இறக்கிவிடப்பட்டு, இங்கே விடுதியில் தங்கிப் படித்து, இங்கேயே ஆசிரியையாகவும் வந்தவர் நீங்கள். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமே நடத்த மாட்டீர்கள். கட்டடத்தைச் சுற்றிக் கூட்டிப்போவீர்கள். வெள்ளைக்காரச் சாமியார்கள் மலையிலிருந்து மாட்டுவண்டியில் இறக்கிய தேக்கு உத்திரங்கள், கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சுவர், ஒரு பிள்ளை காலை மடக்கி உட்காரும் அளவுக்கு ஆழமான சன்னல் மாடம், தாழ்வாரத்து வளைவுகள், வளைவுக்கு மேலே சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் பிள்ளைகள் கையை நீட்டி நிறம் பார்ப்பார்கள். வீட்டை விட்டு வந்த அழுகை கொஞ்ச நேரம் நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் நானும் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கையை நீட்டினேன். "தேவாரத்துக்காரி கலர் கண்ணாடிய இப்பத்தான் பாக்குறா" என்று என் ஊரைச் சொல்லிக் கேலி செய்தீர்கள்.

அந்தச் சுவர்களின் குளிர்ச்சியே வினையாகிப்போனது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய மாதா கோவில் திருவிழாவுக்கு எஸ்டேட் சனங்கள் மதம் பார்க்காமல் ஏலக்காயைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடத்து மேல்மாடிக் கூடத்தில் வைத்தால் காயின் பச்சை மங்குவதில்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். விலை ஏறட்டும், ஏறட்டும் என்று ஒரு வருடத்து மூட்டை அடுத்த வருடம் வரை கிடந்தது. விலைக்குக் காத்திருப்பது இந்த ஊரின் ரத்தத்தில் ஊறிய வழக்கம்தானே. பிறகு பழைய மாணவர்களாகிய வியாபாரிகள் தங்கள் சரக்கையும் கொண்டுவந்து கூரை முட்ட அடுக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை தருகிறவர்களிடம் யார் வேண்டாம் என்று சொல்வது? அந்தக் கூடத்துக்கு நேர் கீழே உங்கள் ஆறாம் வகுப்பு.

மதியம் அங்கே உட்கார்ந்து நாம் சாப்பிடும்போது மேலிருந்து பொடி உதிரும். முதலில் சிரித்தீர்கள். "கொழம்புல சுண்ணாம்பு விழுந்திருச்சுடி, வெத்தல பாக்கு கொண்டா" என்பீர்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. அலுவலகத்துக்குப் போய், "இது பிள்ளைக நடக்கக் கட்டுன மாடி, மூட்டை அடுக்க இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். "அந்தக் காலத்துக் கட்டடம் டீச்சர், நம்ம பேரன் காலத்துக்கும் ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. மறுபடியும் போனீர்கள். மறுபடியும் அதே பதில். கட்டடத்தின் பெருமையைச் சொல்லியே உங்கள் வாயை அடைத்தார்கள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்து ஓய்ந்திருந்த ஒரு மதியம். பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். விடைத்தாள் திருத்திவிட்டு வருவதாகச் சொல்லி நீங்கள் வகுப்பிலேயே இருந்துவிட்டீர்கள். சுவருக்குள் இருந்த உத்திரத்தின் முனை ஈரத்தில் இற்றுப்போயிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம். ஓடிவந்தபோது வாசல்படி தாண்டி ஏலக்காய் வெளியே உருண்டுகொண்டிருந்தது.

"நல்லவேள, பிள்ளைக உள்ள இல்ல" என்று ஊரே சொன்னது. நிசம்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம், அப்படியானால் உள்ளே இருந்தது யாராம் என்று கத்த வேண்டும்போல் இருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் உங்கள் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். வாழ்நாள் முழுக்க ஏலக்காய்க் காட்டில் காய் எடுத்தவர். உங்கள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "ஏலக்காச் சொமை ஒனக்கு வேணாமின்னுதான ஆத்தா ஒன்னயப் படிக்க அனுப்புனேன்" என்றார். சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

இப்போது உத்திரம் புதிது. சுவருக்குப் பழைய முறையிலேயே சுண்ணாம்பு பூசி, வளைவுகளைச் சரிசெய்து, வெளியே பாரம்பரியக் கட்டடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் உங்கள் படம் மாட்டியிருக்கிறது. மேடையில் பேசிய ஒருவர் நீங்கள் பள்ளிக்காகத் தியாகம் செய்தீர்கள் என்றார். நீங்கள் உயிரைக் கொடுக்கவில்லை அக்கா, எடுத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்ததும் மாடி ஏறினேன். கூடத்தில் பூட்டுத் தொங்கியது. திருவிழாக் குழுவில் இருக்கும் வியாபாரி ஒருவரிடம் சாவி இருந்தது. "தெறங்கண்ணே" என்றேன். தயங்கித் தயங்கித் திறந்தார். சுவரோரமாக மூட்டைகள். உங்கள் படத்துக்கு நேர் மேலே.

"இப்ப வித்தா அடிமாட்டு வெலைக்குத்தான் போகும் டீச்சர். கொஞ்ச நாளு கெடக்கட்டும். உத்திரம் புதுசு, ஆனையே ஏறலாம்."

"ஆனை ஏறுன எடம் எப்பிடிக் கெடக்கும்னு நான் பாத்திருக்கேண்ணே, நான் தேவாரத்துக்காரி, எங்க தோட்டத்துல ஆனை எறங்காத வருசமில்ல. வெரசா எறக்கச் சொல்லுங்க."

"எறக்குவோம், எறக்குவோம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

என் சோலியைத்தான் பார்த்தேன். இன்று காலை ஆறாம் வகுப்பைத் தாழ்வாரத்திலேயே நிறுத்தி, மைதானத்துப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அலுவலகத்திலிருந்து ஆள்மேல் ஆள் வந்தார்கள். திறந்த மறுநாளே பள்ளிக்கூடத்தின் மானத்தை வாங்குகிறேனாம். ஓய்வு பெறும் நேரத்தில் எதற்கு இந்த வம்பு என்று ஜாடையாக மிரட்டலும் வந்தது. மலையிலிருந்து நேற்று முன்தினம்தான் விடுதிக்கு வந்த ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்? எதுக்கு வெளிய ஒக்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். "நீங்க ஒண்ணும் பண்ணல அப்பு" என்றேன். அவனை உட்கார வைத்துவிட்டு, எல்லோரையும் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.

நேற்று பேசியவர்கள் ஆளுக்கொன்றாக உங்களிடமிருந்து பெற்றதைச் சொன்னார்கள். பொறுமை என்றார்கள், அன்பு என்றார்கள். எனக்கு நீங்கள் விட்டுப்போனது பயம். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்தக் கூரைக்குக் கீழும் ஒரு பிள்ளையை உட்கார வைக்க முடியாத பயம். உத்திரம் புதுசு என்று எனக்குத் தைரியம் சொல்ல நாளைக்கும் யாராவது வருவார்கள். மூட்டை இறங்குகிற வரைக்கும் இந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது அக்கா.