அமாவாசையும் கடைவாய்ப் பல்லும்

பனமலையில் தங்கைக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது என்று விடிந்ததும் ராஜமதிக்கு ஆள் வந்தது. பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கி, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த கணவர் குந்துநாதனை எழுப்ப மனமில்லாமல், அவசரமாக ஒரு சீட்டு எழுதினாள்.

"கஞ்சி மூடி வச்சிருக்கேன், ஆற வச்சுக் குடிங்க. உப்புத் தண்ணியில வாய் கொப்புளிங்க. ஐப்பசியில வீங்குனப்போ ஈரக் காத்துன்னீங்க. தையில பௌர்ணமின்னீங்க. நேத்து அமாவாசைன்னு சண்ட போட்டீங்க. நெலா எப்படி இருந்தாலும் வீங்குறது அதே பல்லுதான். மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போயித் திரும்புற கூட்டத்துல பஸ்ல எடம் கெடைக்காது. எங்கண்ணன் ஸ்ரீபால் வாடகைக் காரோட வருவாரு. திருப்பி அனுப்பாம திண்டிவனம் போயி பல் டாக்டரப் பாருங்க. சாவிய பக்கத்து வூட்டு பத்மினிகிட்ட குடுங்க."

வாசல் வரை போனவள், திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்: "பயந்தாங்கொள்ளின்னு கோவத்துல சொல்லிட்டேன். பல்லு புடுங்கறப்போ பக்கத்துல நான் இல்லியேன்னுதான் கஷ்டமா இருக்குது."

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. சாயங்காலம் அதே காரில் குந்துநாதன் பனமலைக்கே வந்து இறங்கினார். பல் போயிருந்தது. வாயில் பஞ்சு.

"வலிச்சுதா?" என்றாள் ராஜமதி.

இல்லையென்று தலையாட்டினார். அதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது.