வீடு பட்டம்

கண்டக்குழி
02.06.2014

அன்புத் தம்பி நிக்கொலஸுக்கு,

மாதாவின் கிருபையால் உன் மனைவியும் மகளும் சுகம். மீன் பிடிக்கப் போன உன்னை எல்லை தாண்டினாய் என்று அந்நிய நாட்டு மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்களே, வேளைக்குச் சாப்பிடு.

வழக்கம்போல் பிரான்சிஸ்கா சொல்ல நான்தான் எழுதுகிறேன். பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு விடுதி கட்ட, உங்கள் வீட்டையும் காணியையும் கேட்கிறார்கள். விற்க அவளுக்குப் பூரண சம்மதம். உன் வழக்குக்குச் சட்டத்தரணி பிடிக்க வேறு வழியில்லை. இத்துடன் வரும் பத்திரத்தில் கையெழுத்து வைத்து எனக்கு அனுப்பு.

ஒரு புதினம் கேள். கோவில் மண்டபத்தில் பெரியவர்களுக்குக் கம்பியூட்டரில் எழுத்துப் படிப்பிக்கிறார்கள். உன் மனைவி பிரான்சிஸ்காவும் போகிறாள். என் மகள் கௌசல்யாதான் ரீச்சர். சரியாக அடித்தால் பெட்டி கைதட்டுமாம்!

அண்ணன் யாகப்பு

*

20.06.2014

அப்பா பார்.
இது வீடு. இது பட்டம்.
வீடு பட்டம். வீடு பட்டம்.
அப்பா பார். அப்பா வா.
வீடு வீடு வீடு.

பிரான்சிஸ்கா

*

15.07.2014

என் அன்புள்ள பிரான்சி,

உன் பாடம் கிடைத்தது. ஒரு பிழை இல்லையடி! இங்குள்ள எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்தேன். சின்னவள் பட்டம் கேட்டு அழுகிறாளாக்கும். வந்து கட்டித் தருவேன் என்று சொல்லு.

அண்ணன் கேட்ட பத்திரத்தை அனுப்பிவிட்டேன். எனக்கு அந்த வீட்டை விற்க மனமே இல்லை. நீ சம்மதம் என்றபடியால்தான். இப்போது உனக்கு எழுதத் தெரியும். விருப்பமில்லாவிட்டால் ஒரு ‘வேண்டாம்’ எழுதியிருப்பாய்தானே?

உன் நிக்கொலஸ்

*

18.11.2014

சின்னவளின் அப்பாவுக்கு,

இது கையால் எழுதுகிறேன். பிழை இருக்கும். நானே தபாலில் போடுவேன்.

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணன் பாதிதான் வாசித்துக் காட்டினார். மிச்சத்தை இன்றைக்கு நானே வாசித்தேன்.

நான் ஒருநாளும் சம்மதம் சொல்லவில்லை. கௌசல்யாவிடம் எழுதித் தா என்று எப்படிக் கேட்பேன்? அவள் அவருடைய மகள். அதனால் பெட்டி தந்த சொற்களை வைத்தே எழுதினேன். பாடம் என்று நினைத்து அவளே உங்களுக்கு அனுப்பினாள். நீங்களும் பாடம் என்றுதான் நினைத்தீர்கள். பட்டம் என்றது எங்கள் வீட்டைக் கேட்ட அந்தப் பட்டக்காரரை. ‘வேண்டாம்’ அப்போது எங்கள் பாடத்தில் வரவில்லை. போன கிழமைதான் வந்தது. சரியாக அடித்தேன், பெட்டி கைதட்டியது. எழும்பி வெளியே போய் அழுதேன்.

வீட்டை இடித்துவிட்டார்கள். நானும் பிள்ளையும் உங்கள் அண்ணன் வீட்டுக் குசினியில் அடுப்போரம் படுக்கிறோம். சட்டத்தரணி யாராவது உங்களிடம் வந்தாரா? நான் இனி யாரிடம் போவேன்?

இன்றைக்கு விலாசம் எழுதும் பாடம். பெயர் அடித்தேன், கைதட்டியது. ஊர் அடித்தேன், கைதட்டியது. வீட்டு இலக்கம் கேட்டது. ஒன்றும் அடிக்கவில்லை.

பிழை, மறுபடி முயற்சி செய் என்கிறது.

பிரான்சிஸ்கா